கார்க் கெட்ட ஸ்பானிய வைன்

நானுஓயா ஸ்டேஷனுக்குக் கார் போய்விட்டது. கம்பெனிக்காகத் தோட்டங்களைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து வரும் விசிட்டிங் ஏஜண்ட் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருப்பார். பன்னிரண்டு மணிக்கு முதல் வைன் போத்தலைத் திறந்தேன். கார்க்கை மூக்கருகே கொண்டுபோனேன். ஈரச் சாக்கின் நாற்றம்; கார்க் கெட்டு, வைனும் கெட்டிருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் எனக்கு அப்பு வேலை. சாப்பாட்டு மேசையும், பாத்திரமும் போத்தலும் வைக்கும் பாண்ட்ரியும் என் பொறுப்பு. அதற்கு முன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் பாரில் நான்கு வருஷம் நின்றவன். வைன் பார்க்க அங்கேதான் பழகினேன்.

அந்த வருஷம் எங்கள் தேயிலைக்குக் கொழும்பில் நல்ல பெயரில்லை. துரை இருப்பாரா, போவாரா என்பது ஏஜண்ட் எழுதப்போகும் ரிப்போர்ட்டில் இருந்தது. ஏஜண்டுக்கென்றே துரை இரண்டு போத்தல் வைத்திருந்தார். ஸ்பெயின் தேசத்து ரியோகா சிவப்பு வைன், மைத்துனர் கப்பலில் கொண்டுவந்தது.

இரண்டாவதையும் திறந்தேன். கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, மணந்து, வாயில் வைத்துத் துப்பினேன். உலர்ந்த பிளம், மரப்பீப்பாய், கடைசியில் கராம்பு. நாக்கின் ஓரத்தில் சாயம் கூடின பிளேன்டீயின் துவர்ப்பு. அருமையான வைன். ஆனால் சாப்பாட்டுக்குத் துரைசாணி சொல்லியிருந்தது ட்ரவுட் மீன். அந்தத் துவர்ப்பு மீனோடு சேர்ந்தால் தகரத்தை நக்கியது போலிருக்கும்.

கிளாஸும் கையுமாக நிற்கும்போது துரை உள்ளே வந்தார்.

"நீ குடிச்சியா?"

"குடிக்கலைங்க தொரை. ஃபாக்டரியில டீமேக்கர் தேத்தண்ணி பாக்குறாப்புல வாயில வச்சுத் துப்புனேன். ஒரு போத்தல் கெட்டுப்போச்சுங்க."

அவர் முகம் சிவந்தது. இரண்டு போத்தலையும் மணந்து பார்த்தார். தடிமன் பிடித்து அடைத்த மூக்கு, ஒன்றும் பிடிபடவில்லை. "பொய் சொல்றே" என்றார். சத்தம் கேட்டு வந்த துரைசாணி இரண்டு போத்தலையும் வாங்கி மணந்தார். முதலாவதைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு, "அவன் சொல்வது சரி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மீன் விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

மறுநாளுக்கென்று ஒரு ஆட்டுத்தொடை இருந்தது; வைனுக்கு அதை எடுத்துக்கொள்ளத் துரைசாணி சம்மதித்தார். சமையல் செய்யும் கோக்கி செபமாலை தலையில் கை வைத்தான். "முழுத் தொடை வேக ரெண்டு மணி நேரமாச்சும் வேணுமே அண்ணே!"

"மெல்லிசா வெட்டி, வெள்ளப்பூடும் மொளகும் போட்டு வாட்டிரு. மொளகாத்தூள் வேணாம், அதோட வைன் குடிச்சா வாய் எரியும்."

மீனை எலுமிச்சையோடு முதலில் வைத்தோம். அதற்கு வைன் ஊற்றவில்லை. இறைச்சி வந்த பிறகுதான் ஊற்றினேன். ஆட்டுக் கொழுப்பில் துவர்ப்பு அடங்கி, பழ வாசனை மேலே வந்திருக்க வேண்டும். ஏஜண்ட் ஒரு வாய் குடித்தார், ஒரு துண்டு தின்றார், பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி குடித்தார். போத்தல் காலியானதும் கேட்டார்: "இன்னொன்று இருக்கிறதா?"

துரை என்னைப் பார்க்கவில்லை. "இருக்கிறது. அப்பு, கொண்டு வா."

இல்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். பாண்ட்ரியில் அந்தப் போத்தலோடு நின்றேன். ஊற்றினால் ஏஜண்டுக்குத் தெரிந்துவிடும். ஊற்றாவிட்டால் என் வேலை போகும். கொண்டுபோய், ஊற்றாமல் துரை முன்னால் வைத்தேன்.

"இது கார்க் கெட்டதுங்க தொரை. ஊத்த முடியாதுங்க."

ஏஜண்டுக்குத் தமிழ் தெரியும். கையை நீட்டிப் போத்தலை வாங்கி மணந்தார். யாரும் கரண்டியைத் தொடவில்லை. பிறகு அவர் சிரித்தார். "போன மாதம் வேறொரு பங்களாவில் இதே நாற்றத்தை மூன்று கிளாஸ் குடித்தேன். அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. மரியாதைக்காக நானும்தான்."

ரிப்போர்ட்டில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. துரை அதன் பிறகும் ஆறு வருஷம் அங்கே இருந்தார். அன்று கார் புறப்பட்டுப் போனதும் பாண்ட்ரி வாசலில் வந்து நின்றார்.

"இனிமே போத்தல் தொறந்தா மொதல்ல நீ குடிச்சுப் பாரு."

"துப்பிருவேங்க தொரை."

மேசை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கெட்டது என்று தெரிந்தால், கிளாஸில் விழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.