அரைமில்லி அக்காவும் ஏழு மில்லியும்

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் மாடிப்படிக் கைப்பிடிக்கு மேல் தலையை நீட்ட மாட்டார்கள். நீட்டினால் கீழிருந்து ஒரு குரல் வரும்: "யாரு தலை அது? உள்ள இழுங்க!"

குரலுக்கு உரியவர் தரைத்தளத்து அறையில் அளவைக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகு இருந்தாலும் கருவியைத் திருப்பித் தர மாட்டார் என்பதால் சர்வேயர்களுக்கு அவர் அரைமில்லி அக்கா. ஒன்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்தினார். பத்தொன்பது வருடமாக இந்த வேலை. "வீட்டுல காலண்டர் மாட்டணும்னா நான் ஆணியோட நிப்பேன், இவ அளவைக் கருவியும் அதோட முக்காலியுமா வருவா" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

கட்டடம் உயர உயர, தரையில் குறித்த புள்ளிக்கு நேர் மேலே எது என்று மாடிக்கு மாடி கண்டுபிடிக்க வேண்டும். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டால் இருபது மாடி உயரத்தில் அது ஊஞ்சலாடும். ஆகவே நூலுக்குப் பதில் பார்வையையே செங்குத்தாக நிறுத்தும் கருவி. அக்கா செவ்வாய்க்கிழமைகளில் அதைப் படிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியின் அடியில் வைத்து, நான்காம் மாடியில் கட்டிய கிராஃப் தாளைப் பார்ப்பார். பிறகு கால் வட்டம் திருப்பிப் பார்ப்பார். இப்படி நான்கு திசை. நான்கு முறையும் ஒரே கட்டத்தில் பார்வை விழுந்தால் கருவி யோக்கியம். நாலு பக்கமும் ஒரே பேச்சு பேசுகிறவனை நம்பலாம் என்பது அவர் கணக்கு.

ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு கட்டடக் கம்பெனியின் எஞ்சினியர் போன் செய்தார்.

"அரைமில்லி அக்கா இப்போ ஏழு மில்லி அக்கா ஆயிட்டீங்க போல!"

லிஃப்ட் மாட்டும் மேஸ்திரி, காற்று படாத லிஃப்ட் குழிக்குள் கம்பி விட்டு அளந்திருக்கிறார். பன்னிரண்டாம் மாடி வரை குறிகள் சரி. பதின்மூன்றிலிருந்து எல்லாம் தள்ளிப் போயிருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன் கருவி அக்காவிடம் வந்து போன பிறகு போட்ட குறிகள் அவை.

அக்கா போனை வைக்காமல் யோசித்தார். அந்தக் கருவி வந்த அன்று அதே கம்பெனியிலிருந்து இரண்டு கருவிகள் வந்திருந்தன. பெட்டி மாறிவிட்டதோ? அப்படியானால் அந்த மாதம் அவர் முத்திரை குத்திய மற்ற பதினோரு கருவிகளையும் யார் நம்புவார்கள்? குறிப்பேட்டை எடுத்தார். இரண்டு பதிவுகளையும் எண் எண்ணாகப் படித்தார். இரண்டாவது பதிவின் கடைசி வரியில் விரல் நின்றது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி.

"சார், மேல போகப் போகத் தள்ளல் கூடுதா?"

"இல்லையே. பதிமூணுலயும் ஏழு, பதினாறுலயும் ஏழு."

"கருவி சாய்ஞ்சு பார்த்தா மேல போகப் போகக் கூடும். கூடலைன்னா தப்பு கீழ இருக்கு. யாரும் எதையும் தொடாதீங்க, வர்றேன்."

எஞ்சினியர் கட்டும் கட்டடத்தின் தரைத்தளத்தில் முக்காலிமேல் கருவி நின்றது. பக்கத்தில் சர்வேயர், பரீட்சையில் தோற்ற முகத்தோடு.

"நாலு திசையும் திருப்பித்தான்க்கா குறிச்சேன், சத்தியமா."

"தெரியும்டா தம்பி. நீ திருப்பினது மேல இருக்கிறதை. அடித்தட்டு திரும்பாது."

கருவி உட்காரும் அடித்தட்டில் தரைப் புள்ளியைப் பார்க்கத் தனியாக ஒரு சின்னக் கண் உண்டு. அது பொய் சொன்னால், மேலே எத்தனை முறை திருப்பினாலும் தெரியாது. அக்கா முக்காலியின் கொக்கியில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டார். உள்ளே காற்று இல்லை. சின்னக் கண்ணின் பார்வை தரைப் புள்ளிமேலேயே இருந்தது; குண்டின் முனையோ அதற்கு ஏழு மில்லி தள்ளி நின்றது.

"தினமும் புதுசா வைக்கறப்போ ஒவ்வொரு பக்கமா தள்ளியிருக்கணுமே?" என்றார் எஞ்சினியர்.

அக்கா தரையைக் காட்டினார். முக்காலியின் மூன்று கால்களுக்கும் பெயின்டில் அழகான மூன்று வட்டங்கள்.

"தம்பி சுத்தக்காரன். தினமும் ஒரே மாதிரி வச்சிருக்கான். அதனால தப்பும் தினமும் ஒரே பக்கம் போயிருக்கு."

"இது பழைய அடித்தட்டு இல்லையே, அது எங்கடா?" என்று எஞ்சினியர் திரும்பினார்.

"திருகு தேஞ்சு போச்சுன்னு ஸ்டோர்ல இருந்து இதை மாத்தினேன் சார். கருவி சர்வீஸ் முடிஞ்சு வந்த அன்னைக்கு."

"அப்போ அக்கா மேல தப்பே இல்ல," என்றார் எஞ்சினியர், போனில் பேசிய குரல் பாதியாக இறங்கி.

"பாதி இருக்கு சார்." அக்கா குறிப்பேட்டைத் திறந்து கடைசி வரியைக் காட்டினார்: அடித்தட்டு வரவில்லை, என் அடித்தட்டில் வைத்துச் சோதித்தேன். "என் நோட்டுல எழுதினேன். உங்களுக்குக் கொடுத்த சான்றிதழ்ல எழுதலை. அதைப் படிச்சிருந்தா தம்பி உஷாராகியிருப்பான்."

குண்டின் முனை நின்ற இடத்தில் தரையில் கூட்டல் குறி போட்டுவிட்டு நூலை அவிழ்த்தார். ஊசி போன்ற கம்பியால் சின்னக் கண்ணின் இரண்டு திருகுகளையும் மாறி மாறி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். பார்வை குறியின்மேல் வந்து உட்கார நாற்பது நிமிடம் ஆனது. மறுபடி நூல் கட்டிச் சரிபார்த்தார்.

"நாலு மாடிதானே," என்றார் லிஃப்ட் மேஸ்திரி. "லிஃப்ட் தண்டவாளத்தைப் பிடிக்கிற பிராக்கெட்டுல சரிக்கட்டிடலாம். இருபதுக்குப் போயிருந்தா என்னையில்ல அழவச்சிருப்பீங்க!"

அக்கா பையிலிருந்து புதுச் சான்றிதழை எடுத்தார். அடித்தட்டின் எண்ணை எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தார்: இந்த அடித்தட்டோடு மட்டுமே செல்லும். பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தினார். மற்ற பதினோரு கருவிகளின் சொந்தக்காரர்களுக்கும் அன்றே போன் போட்டு, அவரவர் சான்றிதழில் அதே வரியைச் சேர்க்கச் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கைப்பிடிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

"யாரு தலை அது?"

"நான்தான்க்கா, சர்வேயர். கீழ உங்க அறைக் கதவைத் தட்டினேன், திறக்கலை, மேல இருப்பீங்கன்னு ஏறி வந்தேன். ஸ்டோர்ல இருந்த அடித்தட்டு அஞ்சையும் கொண்டு வந்திருக்கேன்."

"கொண்டு வா. முதல்ல தலையை உள்ள இழு!"