சூத்திரத்துக்குப் புள்ளி இல்லை

ஒன்பதாம் வகுப்பிலேயே பதினோராம் வகுப்புக் கணக்கை முடித்துவிடும் பிள்ளைகளைக் கொக்குவிலில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரியப்படுத்த என் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. ரயில் பாதைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு ‘வேக வகுப்பு’ நடத்தினார். வாசலில் எங்கள் படங்களைப் பதாகையாகக் கட்டியிருந்தார். நடுவில் என் படம். மருமகள் என்பதற்காக இல்லை என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது பாடத்திட்டம் மாறியது. பாடசாலையில் எங்களுக்குக் கணிதம் அம்மாதான். புதிய பாடத்திட்டத்துக்கான பயிற்சிச் செயலமர்வுக்குப் போய், ஆசிரியர்களுக்கு மட்டும் கொடுத்த தடித்த வழிகாட்டி நூலோடு வந்தார். மாமா சூத்திரம் போட்டு மூன்று வரியில் முடிக்கும் இருபடிச் சமன்பாட்டுக்கு அதில் ஒரு முழுப் பக்கம். சூத்திரம் அடுத்த வருடத்துக்காம். இந்த வருடம் வர்க்கத்தைப் பூர்த்தியாக்கித்தான் தீர்க்க வேண்டுமாம்.

“ஓடுற பிள்ளையளைத் திரும்பத் தவழச் சொல்லுறாங்களோ?” என்று மாமா சிரித்தார். பெற்றோர் சிரிக்கவில்லை. கொட்டகையில் பிள்ளைகள் இருந்த வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின.

தவணைப் பரீட்சையில் அதே சமன்பாடு வந்தது, புதிய முறையில் தீர்க்கச் சொல்லி. எனக்கு இரண்டு முறையும் தெரியும், அதுதான் வினை. சொந்த மருமகளே கைவிட்டுவிட்டாள் என்று கதை பரவினால் மாமா வகுப்பை இழுத்து மூட வேண்டியதுதான். சூத்திரத்தையே எழுதினேன். விடையும் சரியாக வந்தது.

அம்மா அதற்குப் பூச்சியம் போட்டார்.

அன்று பின்னேரம் மாமா தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“விடை சரியோ பிழையோ, அக்கா? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“விடை சரி. கேட்ட முறை இல்லை.”

“நீங்கள் பெத்த பிள்ளை!”

“அதாலைதான் குடுக்கேலாது, தம்பி. மற்றப் பிள்ளையளுக்கும் நான் குடுக்கேல்லை.”

ஊற்றிவைத்த தேத்தண்ணியை மாமா தொடவில்லை. பதாகையைக் கழற்றப்போகிறேன், வகுப்பையும் மூடப்போகிறேன் என்று வாசல் படலையில் நின்று கத்திவிட்டுப் போனார். எனக்கு அம்மாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்குத் தவிர வாய் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

சனிக்கிழமை, மாமா இன்னும் மூடியிராத வகுப்புக்குக் கிளம்பும்போது அம்மா அந்த வழிகாட்டி நூலை என் பைக்குள் வைத்தார்.

“உந்தப் புத்தகத்தை அங்கை வைச்சுப் படி. பை பாரம், திருப்பிக் கொண்டுவராதை.”

இவ்வளவு நடந்த பிறகும் மாமாவைக் குத்திக் காட்டுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டகைக்குப் போய், நூலை அட்டை தெரியாதபடி கவிழ்த்து மாமாவின் மேசையில் வைத்தேன். மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிழித்து எறியப்போகிறார் என்று நினைத்தேன். “போய்க் கணக்கைச் செய்” என்றார், அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுவதும் அம்மா வழிகாட்டி இல்லாமலே பாடசாலையில் படிப்பித்தார். தன் ஞாபகசக்தியைக் காட்டி எடுப்பு எடுக்கிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மாமா கரும்பலகையை ஒரு மூலை விடாமல் துடைத்துவிட்டு, வர்க்கத்தைப் பூர்த்தியாக்கிச் சமன்பாட்டைத் தீர்த்துக் காட்டினார். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் செய்துவருபவர் மாதிரி எங்கேயும் தடக்குப்படவில்லை. பதாகையும் கழற்றப்படாமல் வாசலிலேயே தொங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சபதத்தை மறந்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களோ? செயலமர்வுக்குப் போகாமலே மாமாவுக்கு எல்லாம் தெரியும். ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை!”

“ஓம், அவன் சின்னனிலையே கெட்டிக்காரன்” என்றார் அம்மா. மாவிலிருந்து கையை எடுக்காமல், “இண்டைக்கு எத்தினை பிள்ளையள் வந்தவை?” என்று கேட்டார்.

தோற்றுப்போனவர் பேச்சை மாற்றுகிறார் என்று முடிவுகட்டிக்கொண்டு, பதில் சொல்லாமலே விளையாடப் போய்விட்டேன்.