கூட வராத ஒருவரின் நம்பர்

போன யூலையில் ஒரு நாள் மகன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டான், "அம்மா, வாற சனி எல்லாரும் கனியனுக்குப் போவம். நீங்களும் வாறியளோ?" சனிக்கிழமை விடிய நான் இரண்டு பிளாஸ்ரிக் வாளிகளைக் கழுவி வாசலில் வைத்தேன். வருஷா வருஷம் ஸ்ரோபெரி பிடுங்கப் போகிற குடும்பம்தானே நாங்கள். பேத்தி வாளிகளைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பம்மா, கனியன் எண்டா ஃபுறூட் இல்லை. பெரிய றொக்ஸ். நடுவிலை றிவர்."

"அப்ப வாளி தேவைதான். தண்ணி அள்ளலாம்."

கனியன் என்றால் என்னவென்று எனக்கு முதலே தெரியும். பாறை பிளந்து, அடியில் ஆறு ஓடுகிற பள்ளம். ரீவியில் பார்த்திருக்கிறேன். வாளி வைத்தது அவளைச் சிரிக்க வைக்கத்தான். எழுபத்துநாலு வயதில் எனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அது. அந்த வேலையால்தான் என் மகள் என்னோடு கதைப்பதில்லை.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு மகன் ரொறொன்ரோவின் ரூஜ் பக்கத்தில் இந்த வீட்டை வாங்கிக் குடிபுகுந்த நாள். காலையில் நான் மேலே சேலை உடுத்திக்கொண்டிருக்க, மகள் வந்து கதவைச் சாத்தினாள். புருஷன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போய் நாலு நாளாகிறது, இனி வரமாட்டான் என்றாள். ஒருவருக்கும் தெரியாது, தம்பிக்கும் சொல்லாதேங்கோ, இன்றைக்கு அவனுடைய நல்ல நாள் என்றாள். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் நாலு நாளாகத் தனியே இருந்திருக்கிறாள். அழவில்லை. குனிந்து என் சேலைக் கொசுவத்தைச் சரிபண்ணிவிட்டுக் கீழே இறங்கினாள்.

மத்தியானம் வீடு நிறைய ஆட்கள். அவள் வடைத் தட்டோடு ஹோலுக்குள் வர, அஜின்கோர்ட்டில் இருந்து வந்த ஒரு மனுஷி கேட்டாள், "எங்கை பிள்ளை உம்மடை அவர்? ஆளைக் காணேல்லை."

மகள் தட்டில் இருந்த வடைகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். சட்டென்று எடுத்து மூடிவிட என்னிடம் இருந்தது பகிடி ஒன்றுதான்.

"பன்ரெண்டு வரியமா உவளின்ரை புட்டைத் திண்டு விக்கினவன்," என்றேன். "தண்ணி தேடிப் போயிட்டான்."

ஹோல் முழுக்கச் சிரித்தது. கேட்ட மனுஷிக்குப் புரையேறி, கேட்ட கேள்வி மறந்துபோனது. நான் நினைத்ததும் அதுதான். மகள் தட்டை மேசையில் வைத்தாள். என்னிடம் வந்து காதோடு, "உங்களுக்கு எல்லாம் பகிடி, என்னம்மா," என்றாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு நின்றிருந்தால் ஆறியிருக்கும். அவன் விட்டுவிட்டுப் போன கதை வெளியே தெரிந்தபோது என் பகிடியும் அதோடு சேர்ந்து போனது. ரொறொன்ரோவைப் பெரிய நகரம் என்கிறார்கள். கதை கொண்டு போவதற்கு அது ஒரு ஒழுங்கை அளவுதான். பலசரக்குக் கடையில் ஒருத்தி அவளிடம், "தண்ணி தேடிப் போனவர் வந்திட்டாரோ?" என்று கேட்டாளாம். றிச்மண்ட் ஹில் கோயில் வாசலில் இன்னொருத்தி. மகள் என் நம்பரை மறித்தாள். நான் எடுத்தால் ஒரு மணியோடு நின்றுவிடும். நான் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன் என்று அறிந்து அவள் செவ்வாய்க்கு மாறினாள். நானும் செவ்வாய்க்கு மாறினேன். அவள் கோயிலையே விட்டாள். என்னால் பிள்ளையாருக்கும் ஒரு ஆள் குறைந்தது.

தம்பியோடு மட்டும் கதைப்பாள். அதற்கும் ஒரு நிபந்தனை: ஃபோனை அம்மாவிடம் குடுக்கக்கூடாது. அவன் குடுக்கமாட்டான். சொன்ன சொல் தவறாத பிள்ளையாக வளர்த்தவள் நான்தான், ஆரை நோவது.

கனியனுக்குப் போக முதல்நாள் பின்னேரம் மருமகள் குசினி மேசையில் லப்ரொப்பை விரித்து எல்லாருக்கும் சம்மத ஃபோம் நிரப்பினாள். முதலில் நடை, பிறகு றாஃப்ரிங். றாஃப்ற் என்றால் காற்று அடித்த இறப்பர் தெப்பம். ஆறு வயதுப் பிள்ளையும் வரலாம், வயது போனவர்களும் வரலாம், சாதுவான ஆறு என்று போட்டிருந்ததாம். செத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றும் நாலு இடத்தில் போட்டிருந்ததாம். நாலு இடத்திலும் நான் விரலால் தமிழில் கையெழுத்து வைத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. நண்டு நடந்து போன மாதிரி இருந்தது.

ஃபோமின் கடைசிப் பெட்டியில் மருமகள் நின்றாள்.

"மாமி, இதிலை எமேர்ஜென்சிக்கு ஒராளின்ரை நம்பர் வேணும். எங்களோடை கூட வராத ஆளா இருக்க வேணுமாம். உங்கடை ஃபிறெண்ட்ஸ் ஆரையும் போடுவமே?"

யோசித்துப் பார்த்தேன். ஒருத்தி முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். போனால் என்னை ஆர் என்று கேட்கிறாள். மற்றவள் மார்கழியில் கண்ணை மூடிவிட்டாள்.

"ஒருத்தியின்ரை நம்பர் இருக்குது," என்றேன். "எடுக்கத்தான் ஆள் இல்லை."

பெட்டியை வெறுமையாக விட்டுப் பார்த்தாள். சுற்றிவரச் சிவப்புக் கோடு வந்தது.

"உதை வச்சு என்ன செய்வினம், பிள்ளை?"

"ஏதும் நடந்தா அந்த நம்பருக்கு எடுத்துச் சொல்லுவினம்."

"ஆற்ரை ஃபோனிலை இருந்து?"

"தங்கடை ஃபோனிலை இருந்துதான்."

தங்கடை ஃபோன். மகள் மறிக்காத நம்பர். நான் மூச்சு விடாமல் பத்து இலக்கமும் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மகன் திரும்பினான்.

"அம்மா, அது அக்காவின்ரை எல்லே?"

"கூட வராத ஆள் வேணுமெண்டுதானே கேக்கினம், தம்பி. அவளைப்போலக் கூட வராத ஆளுக்கு நான் எங்கை போவன்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மகன் கோப்பையை மேசையில் வைத்தான். பிறகு மருமகளிடம், "எழுதும். ஒண்டும் நடக்கப் போறேல்லை," என்றான். சிவப்புக் கோடு போனது.

ஒன்றும் நடக்காமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம். ஆகவே ஏதாவது நடக்க வேண்டும், பெரிதாக வேண்டாம். ஒரு சுளுக்கு. ஒரு சிராய்ப்பு. அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை ஃபோன் எடுத்து, உங்கள் அம்மா விழுந்துவிட்டா என்று சொல்லுகிற அளவுக்கு. அதைக் கேட்டால் அவள் ஒரு வார்த்தை கேட்பாள். அந்த ஒரு வார்த்தை போதும் என்று நினைத்தேன்.

அங்கே போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம். பள்ளத்துக்குள் இறங்கும் பாதை மரவேர்களும் கற்களுமாக இருந்தது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறப் பாறை, நாலு மாடி உயரம். எல்லாரும் அண்ணாந்து பாறையைப் பார்த்தார்கள். நான் குனிந்து விழ நல்ல இடம் பார்த்தேன். ஓரிடத்தில் சேறு, நாலு வருஷத்துக்கு முன் வாங்கின நல்ல காற்சட்டை பழுதாகிவிடும். இன்னோரிடத்தில் கல் கூராக இருந்தது. கடைசியில் மெத்தென்று சருகு கிடந்த ஒரு வளைவு வந்தது. காலைத் தளர்த்தினேன். பின்னால் தடியோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பாய்ந்து என் முழங்கையைப் பிடித்துவிட்டார். கிழவருக்குத் தன்னால் இன்னும் முடியும் என்று சரியான சந்தோஷம். அதற்குப் பிறகு மகன் என் கையை விடவில்லை.

"தம்பி, என்னை விடு. நான் நடப்பன்."

"விட்டா விழுவியள், அம்மா."

"அதைத்தானே சொல்லுறன்."

அவன் சிரித்தான். உண்மையைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

ஆற்றங்கரையில் எங்களுக்கு ஹெல்மெற்றும் மிதவைச் சட்டையும் தந்தார்கள். மருமகள் ஒரு பிளாஸ்ரிக் பையை நீட்டினாள்.

"மாமி, பல்லைக் கழட்டித் தாங்கோ. ஆத்திலை விழுந்தா எடுக்கேலாது."

"விழட்டுமன். மீனுக்கும் ஒருக்காச் சிரிக்க ஆசை இருக்காதே?"

கழற்றிக் கொடுத்தேன். இந்தப் பல்லைக் கட்டித் தந்த டொக்டரின் சுவரில் பெரிதாக ஒரு சொல் ஒட்டியிருக்கும், ஸ்மைல் என்று. பல்லுக்காக ஏழு தரம் போனதில் எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்த ஒரே ஆங்கிலச் சொல் அது.

தெப்பத்தை ஓட்டியது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முகமெல்லாம் புள்ளி. பாதத்தை இறப்பர் மடிப்புக்குள் செருக வேண்டும், பக்கத்துக் கயிற்றை விடக்கூடாது என்று காட்டினாள். பேத்தி முன்னுக்கு, மகனும் மருமகளும் துடுப்போடு, நான் நடுவில் தேர்ச்சாமி மாதிரி. ஆறு சாதுதான். மூன்று இடத்தில் மட்டும் நுரைத்துக்கொண்டு ஒரு முழம் கீழே இறங்கியது. முதல் இறக்கத்தில் எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டாவதில் பேத்தி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், அவள் பார்க்க விழ மனம் வரவில்லை. மூன்றாவதுதான் கடைசி. பாதத்தை மடிப்புக்குள் இருந்து இழுத்தேன். கயிற்றை விட்டேன்.

தண்ணீர் அவ்வளவு குளிராக இருக்கும் என்று நான் எண்ணவில்லை. கீழே கல் இருக்கும் என்றும் எண்ணவில்லை. வலது முழங்கால் எதிலோ இடித்தது. உடம்புக்குள் ஒரு சட்டி உடைந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் என் சட்டைத் தோளைப் பிடித்து ஒரே இழுவையில் தெப்பத்துக்குள் போட்டாள்.

கரையில் ஒரு மரமேசைக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். பேத்தி அழுதுகொண்டு நின்றாள். அந்தப் பெண் ஒரு கடதாசியில் ஏதோ எழுதினாள். பிறகு மகனிடம், குடும்பம் கூட இருப்பதால் ஒருவருக்கும் ஃபோன் எடுக்கத் தேவையில்லை என்றாள். மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள். நான் விழுந்ததே வீண்.

"நோ," என்றேன். கடதாசியைக் காட்டினேன். "பேப்பர். கோல்."

"அம்மா, விடுங்கோ," என்றான் மகன். அவன் முகம் மாறிவிட்டது. "இதுக்குத்தானோ விழுந்தனீங்கள்?"

நான் கடதாசியில் இருந்து விரலை எடுக்கவில்லை. மருமகள் என்னைப் பார்த்தாள், என் முழங்காலைப் பார்த்தாள். திரும்பி அந்தப் பெண்ணிடம், "பிளீஸ், கோல் பண்ணுங்கோ," என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள். மகன் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றான்.

அந்தப் பெண்ணின் கை ஈரம். ஃபோனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டாள். நாலு தரம் மணி அடித்தது.

"ஹலோ?"

மூன்று வருஷம். அந்த ஹலோவின் கடைசி எழுத்தை அவள் சின்ன வயதில் இருந்தே கொஞ்சம் மேலே தூக்குவாள். இப்போதும் தூக்கினாள்.

அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள். அங்கே ஏதோ கீழே விழுகிற சத்தம். "அம்மாவா?" என்றாள் என் மகள். பிறகு ஆங்கிலத்தில் கடகடவென்று கேள்விகள். மருமகள் என் காதுக்குள் சொன்னாள், "எங்கை எண்டு கேக்கிறா. எந்த ஹொஸ்பிற்றல் எண்டு கேக்கிறா. நல்லா நோகுதோ எண்டு கேக்கிறா."

நோகுதோ என்ற கேள்விக்கு உண்மை சொல்ல அந்தப் பெண் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. மகளைத் தேற்ற நினைத்துச் சந்தோஷமாக என்னவோ சொன்னாள். அதில் எனக்கு ஒரு சொல் விளங்கியது. ஸ்மைலிங்.

ஓம், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாது. அந்த ஹலோவில் இருந்து, பல்லில்லாத வாய் முழுக்க விரித்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு தமிழில், எனக்குத்தான் கேட்கட்டும் என்று, மெதுவாகச் சொன்னாள்.

"இதுவும் பகிடியோ, அம்மா."

"பிள்ளை" என்று சொல்ல வாயெடுத்தேன். பல் இல்லாமல் வெறும் காற்றாகத்தான் வந்தது. அதையும் அவள் சிரிப்பு என்று நினைத்திருப்பாள். ஃபோன் வைக்கப்பட்டது.

முழங்கால் சில்லில் வெடிப்பு என்று எக்ஸ்றேயில் தெரிந்தது. ஆறு கிழமைக்கு மடக்கக்கூடாது என்றார்கள். மகன் அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினான். பார்த்தாள் என்று ஃபோன் காட்டியது. பதில் இல்லை. அவன் என்னை ஏசவும் இல்லை. ஏசினால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

ஒரு கிழமை கழித்து, மத்தியானம் மருமகள் ஐஸ் பையோடு என் கட்டிலில் வந்து இருந்தாள்.

"மாமி, நீங்கள் ஒரு கிழமையாப் பகிடி ஒண்டும் விடேல்லை. அப்பம்மாவுக்குக் காய்ச்சலோ எண்டு பிள்ளை கேக்கிறாள்."

"நோகுது," என்றேன். எழுபத்துநாலு வயதில் அந்தச் சொல்லை வேறொன்றும் சேர்க்காமல் சொன்னது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

அவள் ஐஸ் பையை முழங்காலின் ஒரு பக்கத்தில் வைத்தாள். "அண்டைக்கு ஏன் சிரிச்சனீங்கள், மாமி?"

"அவளின்ரை குரல் கேட்டது."

"எனக்கு விளங்கினது."

"அதை நீ ஒருக்கா அவளுக்குச் சொல்லு, பிள்ளை. நான் சொன்னா நம்பமாட்டாள்."

"நேற்று எடுத்துச் சொன்னனான், மாமி."

"என்னவாம்?"

"உதைச் சொல்லச் சொல்லி அம்மாவோ சொன்னவ எண்டு கேட்டவ."

"இல்லையெண்டு சொன்னனியே?"

"சொன்னனான்."

"நம்பினவளே?"

அவள் ஐஸ் பையைத் துவாயில் சுற்றி, முழங்காலின் மற்றப் பக்கத்தில் வைத்தாள்.