நூலகத்துக்கு ஒரு முகநூல் பக்கம்

வத்தேகமைக்குப் பக்கத்திலுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் மஸீனா டீச்சர்தான் நூலகப் பொறுப்பாளர். சொன்னதைச் சொன்னபடி செய்பவர் என்று பெயரெடுத்தவர். அவர் பொறுப்பேற்ற புதிதில் ஓர் அதிகாரி வந்து, புத்தகங்களை உயரவாரியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும் என்றார். டீச்சர் அடுக்கினார். அடுத்து வந்தவர், இதென்ன முறை, இலக்கப்படி அடுக்குங்கள் என்றார். எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்கினார். அதற்கடுத்தவர், பிள்ளைகள் தொடுவதால்தான் புத்தகங்கள் கிழிகின்றன என்று கண்டுபிடித்து, அலுமாரிகளைப் பூட்டச் சொன்னார். பூட்டினார். பிறகு வந்தவர், அலுமாரிகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார். டீச்சர் யாரோடும் வாதாடவில்லை. திறப்பைத் தேடியெடுத்துத் திறந்து வைத்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் அதிபர் ராஜலிங்கம், சமூக ஊடகங்களைத் தொழில்ரீதியாகப் பயன்படுத்துவது பற்றிய பயிற்சிப்பட்டறைக்கு அனுப்பினார். உண்மையில் போகவேண்டியவர் கம்பியூட்டர் ஆசிரியை. அவர் பிரசவ விடுமுறையில் இருந்தார்.

பட்டறை கண்டியில், வாவியைப் பார்த்தபடி ஒரு மண்டபத்தில் நடந்தது. மங்கல விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிய தேநீர் வேளை வந்துவிட்டது. தேநீருக்குப் பிறகு மண்டபத்தின் வைஃபை வேலை செய்யவில்லை. அதன் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் கொழும்புக்குப் போயிருந்தார். பயிற்சி தரவந்த சிந்துஜா என்ற இளம்பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வெள்ளைப் பலகையில் முகநூலை வரைந்தாள். மேலே ஒரு பெட்டி, நடுவில் ஒரு பெட்டி, கீழே நீல மையில் ஒரு கட்டைவிரல். வந்திருந்த நூலகர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கொப்பியில் வரைந்துகொண்டார்கள்.

"லைக் வந்தா எந்த ரெஜிஸ்டர்ல பதியணும் மிஸ்?" என்று பின்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார்.

"பதியத் தேவையில்லங்க" என்றாள் சிந்துஜா. கேட்டவருக்கு நம்பிக்கை வரவில்லை. பதியாத ஒன்றை ஓடிட்டில் எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். கடைசியாகச் சிந்துஜா சொன்னதை மட்டும் மஸீனா டீச்சர் அப்படியே மனதில் இருத்திக்கொண்டார். "அறிக்கை மாதிரி எழுதினா யாரும் பாக்க மாட்டாங்க. மனுசங்க பேசுற மாதிரி எழுதுங்க. நீங்க வாசிச்ச புத்தகத்தப் பத்தி உண்மையா நாலு வரி எழுதுங்க, போதும்."

அதிபர் ராஜலிங்கம் பக்கம் தொடங்க உடனே அனுமதி தந்தார். முதலில் அவருடைய ஆசிச்செய்தி படத்துடன் வரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வந்தது. அதற்குக் கிடைத்த லைக்குகளில் ஒன்று டீச்சருடையது. ஒன்று அவருடைய கணவர் நிஸாமுடையது. மூன்றாவது நிஸாமின் புடைவைக் கடைக்கு என்று தனியாக இருந்த கணக்கிலிருந்து வந்தது. பிறகு வாசிப்பு மாதப் பதாகையின் படத்தைப் போட்டார்கள், கைகழுவும் தினப் படத்தையும் போட்டார்கள். கடைக்கணக்கு மட்டும் விடாமல் லைக் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டீச்சருக்குச் சிந்துஜா சொன்ன நாலு வரி ஞாபகம் வந்தது.

நூலகத்தின் வாசலோரம் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுமாரி இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கத்து எழுத்தாளர்கள் அன்பளிப்பாகத் தந்த நூல்கள் அதற்குள் இருக்கும். மலைநாட்டில் ஒருவர் புத்தகம் போட்டால் அதற்கு ஒரு முறை உண்டு. வெளியீட்டு விழா வைப்பார். முதல் பிரதியை ஒரு வர்த்தகர் வாங்குவார், இன்னொருவர் பொன்னாடை போர்த்துவார். ஆறு பேர் நூலை வாசிக்காமலே பாராட்டுவார்கள். மிஞ்சிய பிரதிகள் கட்டுக்கட்டாகப் பாடசாலை நூலகங்களுக்கு வந்து சேரும். வாசிப்பது என்பது இந்த வரிசையில் எந்த இடத்திலும் வராது.

மஸீனா டீச்சர் அந்த அலுமாரியைத் திறந்து, கைக்கு முதலில் அகப்பட்ட நூலை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தார். அது 'நதியே நீ நனைந்தாயா' என்ற கவிதைத் தொகுதி. எழுதியவர் கம்பளை ஆற்றோரன். இயற்பெயர் சாஹுல் ஹமீது, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. அடுத்த மாதப் பரிசளிப்பு விழாவுக்கு அவர்தான் பிரதம அதிதி.

டீச்சர் முகநூலில் எழுதியது இதுதான்:

'இந்த நூலில் நூறு பக்கங்கள். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை, நன்றியுரை போகக் கவிதைக்கு நாற்பது பக்கம் மிஞ்சுகிறது. முதல் கவிதையில் நிலா அழத் தொடங்குகிறது. ஏழாவது கவிதை வரை நிறுத்தவில்லை. ஏன் அழுகிறது என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. அட்டை நல்ல தடிப்பு. எங்கள் நூலகத்தில் முப்பது பிரதிகள் உண்டு. இதுவரை யாரும் இரவல் எடுக்கவில்லை.'

அடுத்த நாள் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்த நிஸாம், தொப்பியைக் கூடக் கழற்றாமல் கேட்டார். "நீ என்னத்த எழுதி ஈக்கிற? பள்ளி முத்தத்துல எல்லாரும் ஒன்ட நிலாவப் பத்தித்தான் பேசுறாங்க."

"உள்ளதத்தான் எழுதின."

"அதான் பிரச்சின" என்றார் நிஸாம்.

டீச்சர் பக்கத்தைத் திறந்து பார்த்தார். கட்டாரிலிருந்து ஒரு பழைய மாணவர், 'நிலாவுக்கு இப்போது சுகமா?' என்று கேட்டிருந்தார். கனடாவிலிருந்து ஒருவர், நிலாவுக்குப் பனடோல் மாத்திரை அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தார். நானூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். அதிபரின் ஆசிச்செய்தி எங்கோ அடியில் போயிருந்தது.

திங்கட்கிழமை அதிபர் அழைத்தார். அவருடைய மேசையில் தேநீர் ஆறிக்கிடந்தது.

"டீச்சர், அந்தப் புத்தகத்த நீங்க வாசிச்சீங்களா?"

"ஓம் சேர், வாசிச்சேன்."

"ஏங்க?"

இத்தனை வருடச் சேவையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"அவரு அத வாசிக்கிறதுக்கா குடுத்தாரு? அன்பளிப்புங்க டீச்சர். வாங்கி வச்சா மரியாத. காலையில இருந்து மூனு தடவ போன் பண்ணிட்டாரு. இன்னைக்கி நேர்லயே வாறாராம். மன்னிப்புக் கேட்டு, அத அழிச்சிருங்க."

"அழிக்கிறேன் சேர்" என்றார் டீச்சர். சொன்னதைச் செய்பவர் அல்லவா. ஆனால் எப்படி அழிப்பது என்பதைச் சிந்துஜா பலகையில் வரையவில்லை. அதிபருக்கும் தெரியவில்லை. கம்பியூட்டர் ஆசிரியைக்குப் போன் எடுத்தார்கள். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது.

இதற்கிடையில் இடைவேளை மணி அடித்தது. டீச்சர் நூலகத்துக்குத் திரும்பியபோது வாசலில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் கேட்டது ஒரே புத்தகம். மூலையில் சணல் கயிறு அவிழ்க்காமல் கிடந்த புத்தகக் கட்டை டீச்சர் வெட்டிப் பிரித்தார். முப்பது பிரதிகளும் போயின. கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். படிக்கட்டில் ஒரு கூட்டம் உட்கார்ந்து, ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் ஒவ்வொரு நிலாவுக்கும் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கவிஞர் ஆற்றோரன் வந்தது அந்த நேரம். கூடவே மலையோர இலக்கிய வட்டத்தின் செயலாளரும் பொருளாளரும். கண்டன அறிக்கையைச் செயலாளர் கையில் வைத்திருந்தார். படிக்கட்டுக்கு வந்ததும் கவிஞர் நின்றுவிட்டார். தன்னுடைய வரிகளை இன்னொருவர் வாயால் அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. வெளியீட்டு விழாவிலும் அவரேதான் வாசித்திருந்தார்.

வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை, பத்தாம் வகுப்பு ஷஹ்மா, நிமிர்ந்து பார்த்தாள். பின்னட்டைப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டாள். படத்தில் தலைமயிர் அதிகமாக இருந்தது.

"நீங்கதானா சேர் இத எழுதின? நிலா ஏன் சேர் அழுவுது?"

செயலாளர் பதறிப்போனார். ஆனால் கவிஞர் கோபப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"அது வந்து மகள், எனக்கு அப்ப மொனராகலைக்கு வேலை மாற்றம் வந்தது. கலியாணம் முடிச்சு ரெண்டு மாசம். போற அன்டைக்கு ராவு பஸ்ஸில வெளிய பாத்தா..."

"அது புத்தகத்துல இல்லையே சேர்."

"இல்ல" என்றார் கவிஞர். "மாற்றத்தப் பத்தியெல்லாம் கவிதையில எழுதுறதில்லயே எண்டு விட்டுட்டன்."

இடைவேளை முடிந்து மணி அடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. கவிஞரும் எழும்பவில்லை. மொனராகலையில் அவர் தங்கிய வீட்டில் யானை வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பொருளாளர் போய்த் தானாகவே தேநீர் தேடிக்கொண்டார்.

அதிபரின் அறையில் விசாரணை தொடங்கியபோது கவிஞர் முகத்தை மறுபடி கடுமையாக்கிக்கொண்டார். செயலாளர் கண்டன அறிக்கையை வாசித்தார். அதில் கண்டனத்தை விட அடைமொழிகள் அதிகம். மஸீனா டீச்சர் மன்னிப்புக் கேட்டார்.

"சரி டீச்சர், இப்பவே அழிச்சிருங்க" என்றார் அதிபர்.

"அழிக்க வேணாம்" என்றார் கவிஞர் அவசரமாக. பிறகு குரலைத் தணித்து, "கருத்துச் சுதந்திரம் எண்டு ஒண்டு ஈக்கிதுதானே. எத்தின பேர் பாத்தீக்கிறாங்க இப்ப?"

டீச்சர் எண்ணிக்கையைச் சொன்னார். கவிஞர் தலையாட்டிக்கொண்டு, தன் பெயருக்கு முன்னால் விடுபட்டுப்போன பட்டங்களை மட்டும் சேர்த்துவிடச் சொன்னார்.

இரண்டு மாதத்தில் 'நதியே நீ நனைந்தாயா' இரண்டாம் பதிப்பு வந்தது. அட்டையில், 'பெரும் வாதப்பிரதிவாதங்களைக் கிளப்பிய நூல்' என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். அதன் பிறகு எழுத்தாளர்கள் நூலக வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் நூலைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள் இப்போது உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் தன் நாவலின் பலவீனமான பக்கங்களை மடித்தே கொண்டுவந்தார், டீச்சருக்குத் தேடும் வேலை மிச்சம் என்று. அதிபர் ராஜலிங்கமும் ஒருநாள் மெல்லக் கேட்டார். "நம்ம ஆசிச்செய்தியப் பத்தியும் ஏதாச்சும் கொற எழுதலாமுங்களா டீச்சர்?"

அப்படி வந்தவர்களில் ஒருத்தி பஸீஹா. கம்பளையில் பார்மசி ஒன்றில் வேலை செய்துகொண்டு சிறுகதை எழுதுபவள். "எனக்குக் கொஞ்சம் காரமாவே எழுதுங்கோ ராத்தா. நான் கோவிக்க மாட்டேன்" என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டீச்சர் வாசித்தார். முதல் கதையை முடித்துவிட்டுச் சோற்றை அடுப்பில் வைத்தார். இரண்டாவது கதை முடிவதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது. கதைகள் அவ்வளவு நன்றாக இருந்தன. அதையே எழுதினார். நல்ல கதைகள், வாசித்தேன், சோறு கருகியது என்று.

ஐந்து லைக் வந்தது. அதில் ஒன்று புடைவைக் கடையுடையது.

பஸீஹா டீச்சருக்குப் போன் எடுத்தாள். "நான் ஒங்களுக்கு என்ன செஞ்ச ராத்தா? அந்தக் கவிஞரைப் பத்தி எழுதினீங்க, ரெண்டாம் பதிப்பு வந்தது. என்னய மட்டும் இப்பிடி நல்லதாச் சொல்லிக் கவுத்துட்டீங்களே."

"பொய் எழுத எனக்குச் சொல்லித் தரல்லயே தங்கச்சி" என்றார் டீச்சர். போனை வைத்த பிறகும் மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் வாசிப்புப் பாடவேளையில் அந்தத் தொகுதியிலிருந்து ஒரு கதையை எடுத்து எட்டாம் வகுப்புக்கு வாசித்தார். மருந்து வாங்க வந்த கிழவர் கவுண்டருக்கு முன்னால் மயங்கி விழும் இடத்தில் மணி அடித்தது. டீச்சர் புத்தகத்தை மூடினார். முகநூலில் எதுவும் போடவில்லை.

ஒரு மாதம் கழித்து பஸீஹா நேரில் வந்தாள். கோபம் ஆறவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று மேலும் கீழும் தேடினாள்.

"எங்க என்ட புத்தகம்? எடுத்து வீசிட்டீங்களா?"

"புள்ளயள்ட கையில ஈக்கிது. ஒராள் கொண்டுவந்தா மத்தவ வாசல்லயே பறிச்சிட்டுப் போறா. அது அலுமாரிப் பக்கம் வந்தே மூனு வாரமாவுது."

பஸீஹா இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் தன் புத்தகம் இருந்த இடைவெளியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து அந்த வெற்றிடத்தைப் படம் பிடித்தாள். வெளிச்சம் போதவில்லை என்று யன்னலைத் திறக்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தாள். டீச்சர் யன்னலைத் திறந்து, படத்தில் விழாமல் ஒதுங்கி நின்றார்.