எழுதாத கை

எங்கள் வீட்டில் இப்போது கொசுவுக்குச் சூடம் வைக்கிறார்கள். பிளக்கில் செருகுகிற சின்ன மெஷின், அதன் தலையில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் இரண்டு வில்லை. மனைவி ஆன்லைனில் வாங்கியது. கொசு போகிறதோ இல்லையோ, அந்த வாசனை வந்ததும் நான் வலது உள்ளங்கையை வேட்டியில் துடைக்க ஆரம்பித்துவிடுகிறேன். "என்னங்க, கையில எதுவும் ஒட்டிருச்சா?" என்று அவள் கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். இருபது வருஷத்துக் கதையைக் கொசு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

அப்போது ஓடைப்பட்டிக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தேன். ஸ்டோரேஜ் என்றுதான் சொல்வோம். தோட்டத்திலிருந்து வருகிற விதையில்லாத் திராட்சையைப் பெண்கள் உட்கார்ந்து கொத்து கொத்தாகப் பார்த்து, அடிபட்ட பழத்தைக் கத்தரியால் நறுக்கிவிட்டுப் பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டிகளை எண்ணிச் சீட்டு ஒட்டுவது நான். லாரிக்கு அனுப்புச்சீட்டு எழுதுவது அருளானந்தம். ராயப்பன்பட்டிக்காரன், என் வயது, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கம்ப்ரசர் ரூமில் வீரபத்திரண்ணன். அவர் கருப்புச் சட்டைக்காரர், சாமியே கிடையாது என்பவர். "சாமி இல்லைங்கிறீக, பேரு மட்டும் சாமி பேரா இருக்கேண்ணே" என்று கேட்டால், "என்னயக் கேட்டா வச்சாக? ரேஷன் கார்டுல ஏறிப்போச்சு, விடு" என்பார்.

கம்ப்ரசர் ரூமில் எப்போதும் அம்மோனியா வாடை. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, கக்கூஸ் அடைத்துக்கொண்டதா என்று கேட்பார்கள். கக்கூஸ் அடைக்க வாய்ப்பே இல்லை, அது பூட்டியிருந்தது. கட்டடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. வெளியூர் வியாபாரிகள் வந்தால் திறப்பார்கள். சாவி சூப்பர்வைசர் பையில். ஆண்களுக்குப் பின்னால் முள்ளுக்காடு இருந்தது. பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை, பழம் நறுக்குகிற பாண்டியம்மாக்கா மயங்கி விழுகிற வரைக்கும். நானும் அருளும் சின்னமனூர் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அந்தக்கா வெகு சாதாரணமாகச் சொன்னது: "காலையில வீட்டுல குடிக்கிறதோட சரி தம்பி. குடிச்சா எங்கன போறது?" பக்கத்தில் நின்ற டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, நாங்கள்தான் பூட்டிவிட்டு வந்ததைப் போல இருந்தது.

அந்த வாரம்தான் மொட்டைக் கடுதாசி எழுதினோம், பேர் ஊர் போடாமல், கலெக்டர் ஆபீசுக்கு. நான் சொல்லச் சொல்ல அருள் எழுதினான். அவனுடைய வலது கை எழுத்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்பதால் இடது கையால் எழுதினான். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆனது. ஓடைப்பட்டித் தபால்பெட்டியில் போட்டால் துப்புக் கிடைத்துவிடும் என்று தேனிக்குப் பஸ் ஏறிப்போய்ப் போட்டோம். பெரிய கொலைகாரர்கள் என்று நினைப்பு.

ஆச்சரியம், அதிகாரி ஒருவர் நிஜமாகவே ஜீப்பில் வந்தார். பார்த்தார், முதலாளியை நிற்கவைத்துத் திட்டினார். அதே மாதத்தில் பெண்களுக்கென்று இரண்டு கக்கூஸ் கட்டப்பட்டன. கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இன்று நல்ல மனிதன்.

முதலாளி கெட்டவர் இல்லை. வெள்ளி செவ்வாயில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கடிதத்தின் நகலை எப்படியோ வாங்கிவந்து எங்கள் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "எழுதுனது தப்பில்லப்பா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எழுதுனானே, அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றார். பெண்களை அவர் சந்தேகப்படவே இல்லை. "அதுகளுக்கு எழுதவா தெரியும்" என்று ஒதுக்கிவிட்டார். மிச்சம் இருந்தது ஏழெட்டு ஆண்கள். அன்றிலிருந்து ஸ்டோரேஜில் குளிர் போதாதென்று சந்தேகமும் சேர்ந்துகொண்டது. டீ குடிக்கப் போனால் யார் யாரோடு போகிறார்கள் என்று ஒரு கண். பேனாவை எடுத்தால் ஒரு கண். நான் கேட்காமலே எல்லோரிடமும் "யாருடா எழுதியிருப்பா, தெரியலையே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் அந்த வருஷம் தேனி ஜில்லாவில் இருந்திருக்காது.

பத்து நாள் பொறுத்துப் பார்த்த முதலாளி, வெள்ளிக்கிழமை காலையில் பின்பக்க வேம்படியில் இருக்கிற கருப்பசாமி முன்னால் எல்லோரும் சத்தியம் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சத்தியத்தில் எத்தனை தினுசு உண்டு என்று யோசித்திருக்கிறீர்களா? பிள்ளை தலையில் அடித்து, சோற்றின் மேல், பெற்ற தாய் மேல். திராட்சை ஏற்ற வருகிற மலையாள டிரைவர்கள் எதற்கெடுத்தாலும் "சத்யம்" என்பார்கள். டயர் பஞ்சர், சத்யம். மழையில் லேட், சத்யம். அதனால் அவர்கள் சொல்லும் எதையும் நாங்கள் நம்பியதில்லை. கருப்பசாமி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைப்பது அப்படியில்லை. பொய்யாக அணைத்தவனின் கை விளங்காமல் போகும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். வியாழக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழியைக் கண்டுபிடித்தது அருள். "முதலாளி என்ன சொல்லச் சொல்றாக? ‘நான் எழுதல’ன்னு. நீ எழுதுனியா?"

"இல்ல, நீதான எழுதுன."

"அப்ப ஒனக்கு என்ன பயம்? நான் ஜெபமாலைய வலது கையில புடிச்சு, ‘இந்தக் கையால எழுதல’ன்னு சொல்லிருவேன். அதுவும் நெசந்தானே?"

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. சாமிக்கே தெரியாமல் சாமியின் வேலியில் ஒரு சந்து. இருவரும் போய்ப் புரோட்டா தின்றோம். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராகப் போனோம். டிரைவர் காதர் பாய் விரலை மேலே காட்டி, "அவன் சாட்சி, நான் எழுதல" என்றார். முதலாளி தலையாட்டினார். அருள் ஜெபமாலையோடு தன் வாக்கியத்தைச் சொன்னான். நான் "நான் எழுதல" என்று சொல்லிச் சூடத்தை அணைத்தேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் கை நடுங்கிய நடுக்கத்தில் தட்டே சரிந்தது.

கடைசியாக வீரபத்திரண்ணன். வந்து நின்றவர், "நான் எழுதல மொதலாளி. எழுதியிருந்தா பேரு போட்டு எழுதியிருப்பேன்" என்றார்.

"அதத்தாம்ப்பா சூடத்த அணைச்சுச் சொல்லு."

"அது மட்டும் முடியாது."

முதலாளி கெஞ்சாத குறை. அண்ணன் இல்லாமல் கம்ப்ரசர் ஓடாது என்று அவருக்குத் தெரியும். "ஏப்பா, நீதான் நம்பலையே. சும்மா ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயேன். ஒனக்கென்ன வந்துச்சு?"

"நம்பலைங்கிறதுனாலதான் மொதலாளி முடியாது. நம்பாத ஒன்னு முன்னால சத்தியம் பண்ணுனா அதுதான் பொய். எங்கிட்ட என் வார்த்தைதான் இருக்கு. அதுக்கு மேல ஒன்னும் இல்ல."

அவ்வளவுதான். அவரைத் தவிர எல்லோரும் சத்தியம் செய்தாயிற்று, செய்யாதவன்தான் எழுதியிருக்கவேண்டும். கணக்குச் சரியாக வந்துவிட்டது. சூப்பர்வைசர் அதற்கு மேலே ஒரு படி போய், "சாமி இல்ல இல்லன்னு பேசுவான், சூடத்தக் கண்டதும் பயந்துட்டான் பாத்தியா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொன்னதும், அண்ணன் டிபன் தூக்கையும் ஸ்பேனர் பையையும் மொபெட்டில் மாட்டிக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்குப் போய்விட்டார். மொட்டைக் கடுதாசிக்காரன் என்ற பேர் அவருக்கு முன்னால் போயிருந்தது. பள்ளத்தாக்கில் வேறு எந்த ஸ்டோரேஜும் அவரைச் சேர்க்கவில்லை. கம்ப்ரசரைக் காது வைத்துக் கேட்டே கோளாறு சொன்னவர், வீட்டு வாசலில் கிணற்று மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டினார்.

அதற்கப்புறம் எனக்குப் பயம் விட்டதா என்றால் இல்லை. உள்ளங்கை அரித்தால் கருப்பசாமி. சைக்கிள் செயின் கழன்றால் கருப்பசாமி. ஆனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. வேலியில் நாங்கள் புகுந்த அந்தச் சந்துக்குச் சாமி ஒப்புக்கொண்டுவிட்டதா? அல்லது அண்ணன் சொல்வதுபோல் அங்கே ஒருவருமே இல்லையா? அல்லது வட்டி சேரட்டும் என்று காத்திருக்கிறதா? மூன்றில் எது மோசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அருளுக்காவது ஓர் இடம் இருந்தது. மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவன் முகம் பேயறைந்தது போல இருந்தது. "ஃபாதர் ஒரே ஒரு கேள்விதான்டா கேட்டாக. ஒன் கை தனி, நீ தனியான்னு. அந்த ஆளு வேலையத் திருப்பி வாங்கிக் குடுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்னுட்டாக." இருவரும் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றான். நான் மாட்டேன் என்றேன். தங்கச்சி கல்யாணத்தைச் சொன்னேன், நாம் பொய் சொல்லவில்லையே என்றேன். அவன் தனியாகப் போய்ச் சொன்னால் நானும் மாட்டுவேன். அதனால் முதலாளி அறைப் பக்கம் அவன் போகும்போதெல்லாம் கதவோரம் போய் நின்று ஒட்டுக்கேட்டேன். ஒருநாள் அதை அவன் பார்த்துவிட்டான். அடுத்த மாதம் கட்டப்பனையில் ஏலக்காய்க் கடை வேலைக்குப் போனவன்தான், திரும்பி வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றே போனான் என்பது என் சந்தேகம். இந்த ஒரு சந்தேகமாவது பொய்யாக இருக்கவேண்டும்.

முதலாளி காலமாகிவிட்டார். ஸ்டோரேஜை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். கருப்பசாமிக்கு டைல்ஸ் ஒட்டி, உண்டியலைப் பார்த்தபடி கேமரா வைத்திருக்கிறார்கள். சத்தியம் செய்யச் சொல்லி இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ரெக்கார்டிங்கைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன ஆவணியில் மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். அண்ணனுக்குக் கண் கொஞ்சம் மங்கல், காது அப்படியே இருக்கிறது, குரலை வைத்தே கண்டுகொண்டார். "வா தம்பி, வா. எம்புட்டு நாளாச்சு" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். டீ வந்தது. குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், புரோட்டா தின்றதையும் சேர்த்து.

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "அந்தக் கடுதாசிய மொதலாளி வாசிச்சப்ப எனக்கு ஒன் மேலதான் சந்தேகம். வரிக்கு வரி ‘மேற்படி’ ‘மேற்படி’ன்னு இருந்துச்சு. பேச்சுக்குப் பேச்சு மேற்படிங்கிற ஒன்னயத் தவிர எவன் அப்படி எழுதுவான்? ஆனா நீ போய்ச் சூடத்த அணைச்ச பாரு, அந்தக் கை நடுங்குச்சு. இம்புட்டுப் பயப்படுற பய பொய்ச் சத்தியம் பண்ண மாட்டான், நாமதான் தப்பா நெனச்சுட்டோம்னு எனக்கே வெக்கமாப் போச்சு. வீட்டுல வந்து ஒங்க மதினிகிட்டச் சொல்லி வருத்தப்பட்டேன்."

சாமியை நம்பாத அந்த மனிதர், நான் நம்புகிறேன் என்பதை நம்பியிருக்கிறார். அந்த இடத்தில் நான் அவர் காலில் விழுந்திருக்கவேண்டும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"பொய்ச் சத்தியம் இல்லண்ணே. எழுதுனது நான் இல்லையே."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என் கையை விட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சரிங்க சார்," என்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு பாருங்க."

அதற்கப்புறம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு தடவை அவரைப் பார்த்தேன். இரண்டு தடவையும் நான் பேச்சுக் கொடுக்க, எழுந்து நின்று கும்பிட்டு, "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டார்.