திங்கட்கிழமை வருவா என்று சொன்னேன்

இரண்டு தாள்கள். தட்டச்சில் அடித்து, மூலையில் கம்பி குத்தியிருந்தது. பிள்ளைகளே, உங்களைப் பற்றிய பள்ளிக்கூடச் செய்திகள் இப்போது கைபேசிக்கு வந்துவிடுகின்றன. அந்தக் காலத்தில் என் மகளின் பாலர் பாடசாலை ரீச்சர் அந்தத் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில், டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்தார்.

மகளுக்கு ஐந்து வயது. நாங்கள் இருவரும் முதலில் வந்துவிட்டோம். அவளுடைய அம்மா கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில் நின்றாள். அகதியாக ஏற்றுக்கொண்டால் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்பது இங்கே சட்டம். விண்ணப்பம் போட்டேன். பதில் இல்லை. எங்கள் ஆட்கள் பலருக்கும் இல்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

ரீச்சரோடு, டேனிஷ் தெரிந்த அண்ணை ஒருவரும் வந்தார். அடுத்த வாரம் நகரசபையில் மகளைப் பற்றிக் கூட்டம் என்றார். பிள்ளை என்னோடு இருக்கலாமா, ஒரு டேனிஷ் குடும்பத்தில் விடுவதா என்று அங்கே பேசுவார்களாம். அதற்காக ரீச்சர் எழுதிய அறிக்கைதான் அந்தத் தாள்கள்.  ஊரில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய பழக்கம். எழுதுகிறவரை மறுத்துப் பேச வாய் வராது. தேத்தண்ணி கொடுத்துவிட்டு, “ரீச்சர் எழுதினால் சரியாத்தான் இருக்கும். எங்கை கையெழுத்து வைக்கிறது எண்டு கேளுங்கோ அண்ணை” என்றேன்.

“கையெழுத்துக்கு வரேல்லை. வாசிச்சுக் காட்ட வந்திருக்கிறா. கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை நீர் இதை முதல்முதலாக் கேக்கக் கூடாதாம். பிழை இருந்தால் சொல்லட்டாம்” என்ற அண்ணை, என்னை ஒருமுறை பார்த்தார். “விளங்கினால் மட்டும் தலையை ஆட்டும், தம்பி. நீர் ஆட்டுற ஆட்டுக்குக் கழுத்துக் கழண்டு விழப்போகுது.”

ரீச்சர் வாசிக்க, அண்ணை தமிழில் சொன்னார். தலைமுடியில் எண்ணெய் என்று இருந்தது; ஆட்டினேன். அப்பா ஊட்டிவிடுகிறார் என்று இருந்தது, அதற்கும் ஆட்டினேன். பிறகு அண்ணையின் குரல் இறங்கியது.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளை, “திங்கட்கிழமை அம்மா வருவா” என்று எல்லோருக்கும் சொல்கிறாளாம். திங்கட்கிழமைகளில் குளிர்ச்சட்டையையும் சப்பாத்தையும் கழற்ற விடமாட்டாளாம். மாலைவரை ஜன்னலடியில் இருப்பாளாம். மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொடுத்த பாணில் பாதியை அம்மாவுக்கென்று மூடி வைப்பாளாம். ஐந்து மாதமாக இப்படி. தாய் உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியவில்லை. அப்பாவிடம் கேட்கலாமே என்று சொன்னதற்குப் பிள்ளையின் பதில்: “கேட்டால் அப்பா அழுவார்.”

என் தலை ஆடவில்லை. வீட்டில் அவள் அழும்போதெல்லாம் “திங்கட்கிழமை வருவா” என்று சொன்னது நான். அழுகை நிற்கும்; நான் சமைக்கப் போவேன். திங்கள் மாலை கூட்டிவரும்போது சிரித்துக்கொண்டுதான் வருவாள். மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். என் பிள்ளையை எனக்குத் தெரியவில்லை என்பதை, வேறொருவர் எழுதித்தான் நான் அறிந்தேன்.

“மனிசி உயிரோடைதான் இருக்கிறா. பொய் சொன்னது நான்” என்றேன். விண்ணப்பம் போட்ட துண்டையும் எடுத்துக் காட்டினேன். ரீச்சர் நான் சொன்னதைப் பேனையால் ஓரத்தில் எழுதி, எழுதியதையும் வாசித்துக் காட்டினார். மகளிடம் அவரே சொல்லிவிடுவாரா என்று அண்ணை மூலம் கேட்டேன்.

“அது தகப்பன் சொல்ல வேண்டியதாம்” என்றார் அண்ணை.

ஞாயிற்றுக்கிழமை, ரீச்சர் வந்து வாசித்துக் காட்டியதை மகளிடம் சொல்லிவிட்டுச் சொன்னேன். “அம்மா எப்ப வருவா எண்டு அப்பாக்குத் தெரியாது.”

“நாளைக்கு?”

“இல்லை.”

“அப்ப நீங்கள் பொய்யோ சொன்னனீங்கள்?”

“ஓம்.”

அவள் அழவில்லை. அன்றைக்கு நான் ஊட்டப் போனபோது சோற்றுக் கோப்பையை வாங்கித் தானே சாப்பிட்டாள்.

ஓரத்தில் எழுதிய வரிகளையும் கூட்டத்தில் வாசித்தார்கள். பிள்ளையை என்னோடே விட்டார்கள். அனுமதிக் கடிதம் வந்தபோது அவளுக்கு ஏழு வயது நடந்தது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், “அம்மா வாறா” என்றேன்.

அவள் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “ரீச்சர் வாசிச்சுப் பாத்தவாவோ?” என்று கேட்டாள்.