கரண்ட் வந்ததும் ஒரு ‘டக்’

திருவொற்றியூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. மோட்டார்களை இயக்கும் கன்ட்ரோல் போர்டுகளைச் செய்து கொடுப்பேன். தொழிலில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பதற்கில்லை.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷின் ஒன்றுக்குப் போர்டு செய்து கொடுத்திருந்தேன். அதை ஓட்டுகிற அண்ணன் வியாசர்பாடிக்காரர். ஒரே வாரத்தில் போன் வந்தது.

“நைனா, கரண்டு போயி வர்றப்போ மிஷினு தானா சுத்திட்டு நிக்குது.”

“ஸ்டார்ட்ட அமுக்காம எப்டிணா சுத்தும்? மோட்டாரு பழசு, அத்தப் பாருங்க” என்று போனை வைத்துவிட்டேன்.

இரண்டாம் முறையும் அதே பதில்தான். மூன்றாம் முறை ஆளே கடைக்கு வந்து நின்றார். வேறு வழியில்லாமல் அவரோடு கிளம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மிஷின் நின்றதும் அவர் மூடியைத் திறந்து, மிஷினின் பற்களுக்கு நடுவே சிக்கிய ஐஸைக் கையாலேயே நோண்ட ஆரம்பித்தார். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் அங்கே எல்லோரும் சுத்தம் செய்வார்களாம். சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சை யாரும் தொடுவதில்லை. கரண்டே இல்லாதபோது எதை அணைப்பது? அவர் மூன்று தடவை சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கைய எடுணா!” என்று கத்தினேன்.

அவர் எடுத்தார். சில நிமிடத்தில் கரண்ட் வந்தது. போர்டில் ஒரு ‘டக்’. பற்கள் வைத்த உருளை அரைச் சுற்று சுற்றி நின்றது.

அந்த ‘டக்’ எனக்கு நன்றாகப் பழகிய சத்தம். புதுப் போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும், மோட்டாருக்குக் கரண்டை விடுகிற ரிலே அப்படித் தட்டினால், உயிர் வந்துவிட்டது என்று கடையில் சந்தோஷப்படுவோம். கரண்ட் ஏறி, போர்டின் மூளையான சிப் நிதானத்துக்கு வரக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. ஆனால் அதற்குள், ஓடச் சொல்வதா நிற்கச் சொல்வதா என்று தெரியாமல் அது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடும். என் மேஜையில் மோட்டார் கிடையாது, அதனால் ஒன்றும் ஆனதில்லை. இத்தனை நாளும் ஒரு தப்பைக் கேட்டுத்தான் சிரித்திருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து சரி செய்தேன். கரண்ட் சீராகும்வரை சிப்பை எழவிடாமல் பிடித்து வைக்க ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். அதுவரை ரிலே அசையாமலிருக்க இன்னொரு ரெசிஸ்டர். மெயினைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை.

“சரியாயிடுச்சுணா” என்றேன்.

“மெய்யாலுமா?”

“மெய்யாலுமே.”

அவர் மூடியைத் திறந்து வைத்தார். “அப்போ நான் போயி மெயின போட்றேன். நீ உள்ள கைய வையி நைனா.”

கோபமில்லாமல்தான் சொன்னார். போர்டு நான் செய்தது, சோதித்ததும் நான்தான். ஆனாலும் என் கை நகரவில்லை. வெட்கமாக இருந்தது.

“இத்தினி நாளா என் கைய மட்டும் வுட்டுக்கினு இருந்தேனே” என்றபடி மூடியைச் சாத்தினார்.

அன்று சாயங்காலமே, அணைத்துப் பூட்டி வைக்கிற மாதிரி ஒரு சுவிட்சை மிஷின் பக்கத்திலேயே பொருத்தினேன். சாவியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.